ஊசிக்காரரும் மாத்திரைக்காரியும்

1. வாயில் வைத்த தெர்மாமீட்டர்

மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டர் வராத நாளில் மருந்து கொடுக்கிற ஆளாக, நான் சேர்ந்த முதல் நாள், முதலில் வந்த நோயாளி தன் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். பகாவ் டவுனுக்குப் போகிற பஸ் பாதி வழியில் நின்றுபோன கதையைச் சொன்னார். கடைசியில் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "ஒடம்பு சூடுங்க டிரெஸ்ஸர் ஐயா" என்றார். நான் புதுசு. தெர்மாமீட்டரை உதறி அவர் வாயில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பாதரசம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"காய்ச்சலே இல்லையேப்பா" என்றேன். அவர் பரிதாபமாக முழித்தார். அறையின் மூலையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த ஆயா அமிர்தம்மாள் தலையை நிமிர்த்தாமலே, "அது கீழ உள்ள சூடுய்யா. வாயில வச்சா எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உருட்டுவதைத் தொடர்ந்தாள். நோயாளி ஓடியே போய்விட்டார். அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்ததும் அமிர்தம்மாள்தான்.

அந்தச் சூட்டைத்தான் வெட்டை என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர் வாயில் அது கொனோரியா. ஆண்பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரியும், சீழ் வரும், அலறிக்கொண்டு வந்துவிடுவான். பெண்பிள்ளைக்குப் பல சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே கருப்பையைக் கெடுத்துக்கொண்டிருக்கும், பிறக்கிற பிள்ளையின் கண்ணைக்கூடக் கெடுத்துவிடும். அப்போது எங்கள் தோட்டத்தில் மலேரியாவுக்கு அடுத்தபடி இதுதான். இப்போது கிளினிக்கில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் இதையெல்லாம் சிரிக்காமல் படிப்பார்கள் என்று நம்புகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, நாங்களே சிரித்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம்.

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் எல்லாம் சிரம்பானில் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அவர்களை எதற்கு வம்பில் மாட்டிவிட வேண்டும்.

2. ஊசியா, மாத்திரையா

அது அவசர காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு ஒரே ஒரு கேட். விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கேட்டில் வரிசையாக நின்று சோதனைக்குப் பிறகுதான் வெளியே போகலாம். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது, போனால் காட்டில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது என்று அர்த்தம். காலையில் கஞ்சியை வயிற்றுக்குள் ஊற்றிக்கொண்டு போவதுதான், மத்தியானம் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர்.

கேட்டைக் காவல் காத்தவர்கள் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். எஸ்.சி. என்போம். நேற்றுவரை மரம் வெட்டிக்கொண்டிருந்த சிலருக்கும் தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்து எஸ்.சி. ஆக்கியிருந்தார்கள். தொப்பி வைத்ததும் மனுஷனுக்கு ஒரு நடை வந்துவிடும். லீவு கிடைத்ததும் அந்த நடையோடு பகாவுக்குப் போவார்கள். திரும்பி வந்து சில நாளில் அந்த நடை மாறி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

வாரம் ஒருமுறை கவச வண்டிக்குப் பின்னால் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு டாக்டர் சாமுவேல் வருவார். எங்களைப் போல் இன்னும் பல தோட்டங்களை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். கோபம் வந்தால் பைபிள் வசனமும், ரொம்பக் கோபம் வந்தால் மலாய்க் கெட்ட வார்த்தையும் சொல்வார். அவருக்கும் எங்கள் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்கும் இந்த வெட்டை விஷயத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எங்களிடம் இரண்டு மருந்து இருந்தன. ஒன்று சல்ஃபா மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் விழுங்க வேண்டும், கூடவே மாடு குடிப்பதுபோல் தண்ணீர் குடிக்க வேண்டும். இடையில் விட்டால் கிருமி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றது புதிதாக வந்த எண்ணெய் பென்சிலின். இடுப்புக்குக் கீழே ஒரே ஊசி, வேலை முடிந்தது. ஆனால் போடுகிறவன் பாடு திண்டாட்டம். சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மருந்து உள்ளேயே கட்டிக்கொண்டு ஊசி அடைத்துவிடும். பாட்டிலை உருட்டி உருட்டிக் கலக்கி, தடித்த ஊசியில் மெதுவாக இழுக்க வேண்டும். அந்த ஊசியின் பருமனைப் பார்த்த உடனேயே சிலருக்குப் பாதி நோய் போய்விடும்.

துரை ஊசி வாங்கச் சம்மதிக்கமாட்டேன் என்றார். அவருடைய தமிழ் தோட்டத்திலேயே கற்றுக்கொண்டது. "டிரெஸ்ஸர், யுத்தத்துலே நம்ம சிப்பாய் எல்லாம் மாத்திரைதானே முழுங்கினான்? தோட்டத்து ஆளுக்கு மட்டும் ஊசி என்னத்துக்கு?" என்பார். டாக்டர் சொன்னார்: "சொன்னா கேக்க மாட்டார். ரெண்டையும் போட்டுப் பாத்து, எது நல்லதுன்னு காட்டுவோம்."

கையிருப்பில் பென்சிலின் கொஞ்சம்தான். எஸ்.சி. ஆட்கள் துப்பாக்கியோடு நிற்க வேண்டியவர்கள், அவர்களைப் படுக்கப் போட முடியாது என்று அவர்களுக்கு ஊசி. மரம் வெட்டுகிற ஆண் பெண் எல்லாருக்கும் மாத்திரை. அப்புறம் சிலைடு எடுத்து மைக்ராஸ்கோப்பில் நான் பார்க்க வேண்டும். மலேரியாவுக்கென்று வாங்கிய மைக்ராஸ்கோப் அது. சாயம் போட்டுப் பார்த்தால் கிருமி இரண்டு இரண்டாக, காப்பிக்கொட்டை ஜோடி சேர்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

முடிவு பளிச்சென்று தெரிந்தது. ஊசிக்காரர்கள் சுத்தம். மாத்திரைக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் கிருமி அப்படியே இருந்தது. "கிருமி சல்ஃபாவுக்குப் பழகிடுச்சு. மத்த ஊர்லேயும் இப்படித்தான் சொல்றாங்க" என்று டாக்டர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். துரையை மடக்கிவிட்டோம் என்று எனக்கும் ஒரே குஷி.

அப்போதுதான் வீரையா மறுபடி வந்தான்.

3. "நீங்களே சொன்னீங்க, சுத்தம்னு"

வீரையா எஸ்.சி.களில் ரொம்ப விறைப்பானவன். தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். போன தடவை பகாவுக்குப் போய்விட்டு வந்து என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவன். சிலைடு பார்த்து, "சுத்தம் வீரையா" என்று நானே முதுகில் தட்டி அனுப்பியிருந்தேன். அவன் மனைவி பாக்கியத்தையும் டாக்டர் வரச் சொல்லிப் பார்த்தார். அவளுக்கும் தொற்றியிருந்தது. அவள் மரம் வெட்டுகிறவள், ஆகவே மாத்திரை. காகிதத்தில் மடித்து அமிர்தம்மாள்தான் கொடுத்தாள், எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

இப்போது மறுபடி அதே எரிச்சல், அதே சீழ். சிலைடில் காப்பிக்கொட்டைகள் ஜோடி ஜோடியாகச் சிரித்தன.

"மறுபடியும் பகாவா?" என்றேன்.

வீரையா கொதித்துப் போனான். "எங்க போறது ஐயா? பக்கத்துத் தோட்டத்துல சுட்டதுலேருந்து எங்க யாருக்கும் லீவே இல்ல. கேட்ட விட்டு நான் நகரவே இல்லலா. எங்க போலீஸ் சார்ஜனைக் கேளுங்க."

அது உண்மை. லீவு எல்லாம் ரத்தாகியிருந்தது எனக்கும் தெரியும்.

"எனக்குப் போட்டது ஊசி. அது நல்ல மருந்துன்னு தோட்டமே பேசுது. சுத்தம்னு நீங்களே சொன்னீங்க. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வீட்டுலேருந்துதானே? அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?" அவன் குரல் உடைந்தது. "நான் இங்க துப்பாக்கிய வச்சிக்கிட்டு நிக்கிறேன். அவ மரம் வெட்டுற நெரையில யாரோடயோ..."

"டேய் வீரையா, வாயைக் கழுவு" என்று அமிர்தம்மாள் சீறினாள்.

மாத்திரை அவளுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்று நான் சொன்னதையும் அவன் கேட்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், பேர்ப்பதிவு பார்க்கிற கிராணியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். பாக்கியம் இனிமேல் இந்தத் தோட்டத்தில் இல்லை, சுவா என்ற ஊரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன், பேரை எடுத்துவிடுங்கள் என்று. அடுத்த ரேஷன் லாரி வரும்போது அவளை ஏற்றிவிடுவதாகத் திட்டம்.

இது சாதாரண விஷயமில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பேர் போனால் வேலை போச்சு, வீடு போச்சு, அரிசியும் போச்சு. இன்னொரு இடத்தில் பேர் பதியப் போனால் போலீஸ் ஆயிரம் கேள்வி கேட்கும். அதோடு போகுமா? வெட்டை வாங்கியதற்காகப் புருஷன் துரத்திவிட்டவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் பஸ் ஏறி சுவா போய்ச் சேர்ந்துவிடும். துரையை மடக்குவதற்காக நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு, இந்தப் பெண்ணின் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது.

4. கேட்டில் இருந்த டின்

நல்லவேளை, ரேஷன் லாரிக்கு முன்னால் டாக்டரின் கார் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் மலாயில் ஒன்று சொன்னார், அதை எழுத முடியாது. பிறகு இருவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

வீரையா தொப்பியோடு வந்து சுவரோரம் நின்றான். பாக்கியம் அமிர்தம்மாளின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண், பால் கறை படிந்த கைகள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

"சாப்பிட்டேங்க."

"எப்பெப்போ?"

"விடியக் காலையில வீட்டுல. அப்புறம் வேலை முடிஞ்சு வந்து."

"நடுவுல?"

பாக்கியம் முந்தானை முனையைத் திருகினாள். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அமிர்தம்மாள் அவள் தோளில் ஒரு இடி இடித்தாள். "சொல்லுடி. உன்ன லாரியில ஏத்தப் போறான். இன்னும் யாருக்காக வாயை மூடிக்கிட்டு நிக்கிறே?"

"நடுவுல உள்ளதக் கேட்டுல வாங்கிக்கிட்டாங்க."

"யாரு வாங்கினது?"

அவள் மோவாயால் சுவரைக் காட்டினாள். "இவருதான்."

"நானா?" என்றான் வீரையா. கேட்கும்போதே அவன் முகம் மாறியது. "அது... அது தலைவலி மாத்திரைன்னு நெனச்சேன்லா."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நீ சொல்லும்மா."

"முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிட்டுப் போவேங்க. பொம்பளைங்களச் சோதிக்கிற அக்கா தடவிப் பாத்து எடுத்து மேசையில வைக்கும். இவரு எடுத்து டின்னுக்குள்ள போடுவாரு. சோறு மட்டும் இல்ல, மருந்தும் போகக் கூடாதாம், காட்டுல உள்ளவங்களுக்குப் போயிருமாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு, பொண்டாட்டியா இருந்தாலும் ஒண்ணும்பாரு. பக்கத்துல நிக்கிற சார்ஜனுக்குக் கேக்குற மாதிரி சொல்லுவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரி வேலிக்குள்ளே இருந்தது. நானோ டாக்டரோ விடியற்காலையில் அந்த வரிசையில் வாளியோடு நின்றதே கிடையாது. சோற்றைத்தான் தடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"என்ன மாத்திரைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று வீரையா முனகினான். அவ்வளவுதான். அதுவரை தரையைப் பார்த்த பாக்கியம் தலையை நிமிர்த்தினாள்.

"எங்க சொல்றது? பின்னால லயமே வாளியும் கையுமா நிக்கிது. 'இது எம் புருஷன் பகாவுக்குப் போயி வாங்கிட்டு வந்த சீக்குக்கு மாத்திரை'ன்னு சத்தமா சொல்லவா? சொல்லியிருந்தா உங்க தொப்பி எங்க போயி விழுந்திருக்கும்? வீட்டுல சொல்ல வந்தா, 'அந்தப் பேச்ச எடுக்காதே'ன்னு எந்திரிச்சு வெளிய போயிருவீங்க. உங்க மானம் போயிரக் கூடாதுன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். நீங்க எனக்கு ஆள் கட்டிவிட்டீங்க. அதையும் கிராணிகிட்டப் போயி சொல்லிட்டு வந்திருக்கீங்க!"

வீரையா தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் விடவில்லை. அந்த டின்னைக் கொண்டுவரச் சொன்னார். சார்ஜனே தூக்கிக்கொண்டு வந்தார், பெரிய பிஸ்கட் டின். மேசைமேல் கவிழ்த்தோம். வெற்றிலைப் பொட்டலம், தீப்பெட்டி, பாதி கடித்த மரவள்ளிக்கிழங்கு, உப்புப் பொட்டலம், இவற்றோடு என் மாத்திரைகள். நான் எண்ணிக் கொடுத்து, அமிர்தம்மாள் மடித்துக் கொடுத்த அதே காகிதங்களில், பாக்கியத்தினுடையது மட்டுமல்ல, இன்னும் பல பேருடையது. ஒருவராவது எங்களிடம் வந்து சொல்லவில்லை. கேட்டில் பறிகொடுத்ததைச் சொன்னால், எதற்கு மாத்திரை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

டாக்டர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "டிரெஸ்ஸர், நாம இத்தனை நாளா இந்த டின்னுக்குத்தான் வைத்தியம் பாத்திருக்கோம். இதுக்கு வெட்டை பூரண குணம், எழுதிக்குங்க" என்றார். முதலில் சிரித்தது அமிர்தம்மாள். அப்புறம் சார்ஜன். கடைசியில் பாக்கியத்துக்கே உதடு துடித்தது. வீரையா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க பாரு வீரையா" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உனக்குப் போட்ட ஊசி உள்ள இருந்த கிருமியைக் கொன்னுது. அது வேலை அவ்வளவுதான். அதுக்கப்புறம் உன் வாசல்ல நின்னு காவல் காக்காது. நீ கொடுத்த நோய் அவகிட்ட அப்படியே இருந்துச்சு, அதத் திரும்ப நீயே வாங்கிக்கிட்டே. நடுவுல எவனும் இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க" என்றான்.

5. ஒரே பெஞ்சில்

அன்றைக்கே இருவருக்கும் பென்சிலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்.சி.களுக்கென்று வைத்திருந்ததில் மிச்சத்தை எடுத்தேன். சிரிஞ்ச் கொதித்தது, காய்ந்தது. பாட்டிலை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

பாக்கியம் ஊசிக்கு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மொதல்ல இவரு ஆபீசுக்குப் போயி எம் பேரத் திரும்ப எழுதச் சொல்லட்டும். அதுக்கப்புறம் போட்டுக்கிறேன்" என்றாள்.

"போடறதப் போட்டுக்க. நான் அப்புறமாப் போறேன்" என்றான் வீரையா.

"அப்புறமாங்கிற பேச்சே வேணாம். கிராணிகிட்ட என்ன சொன்னீங்களோ, அதே வாயால 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லணும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நான் பாட்டிலை இன்னும் வேகமாக உருட்டினேன். வீரையா யாராவது துணைக்கு ஒரு வார்த்தை சொல்வார்களா என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சார்ஜன்கூடக் கூரையைப் பார்த்தார். வீரையா கிளம்பினான். தொப்பியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான், பெஞ்சிலேயே கிடந்தது. கிராணி அவனை லேசில் விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், திரும்பி வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தன. "சொல்லிட்டேன். பேர் இருக்கு" என்றான். பாக்கியம் உடனே எழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அமிர்தம்மாளோடு திரைக்குப் பின்னால் போனாள்.

போலீஸ்காரர்கள் மாத்திரையைக் கேட்டுக்கு வெளியே விடக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதனால் துரைக்கு வேறு வழியில்லை, எல்லாருக்கும் பென்சிலின் என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால்தான் ஊசி என்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். தோட்டத்தில் அதற்கு ஜோடி ஊசி என்று பெயரே வந்துவிட்டது. விவரம் தெரியாத ஒரு புது மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "எங்களுக்கும் ஜோடி ஊசி போட்டு விடுங்க ஐயா, நல்லபடியா வாழணும்" என்று நின்றான். அமிர்தம்மாள் அவனைத் துரத்திய துரத்தலில் அவன் மாலைகூடக் கழன்று விழுந்தது.

இளைய டிரெஸ்ஸர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரண்டு மருந்தை வைத்து எது உயர்ந்தது என்று பார்க்கிறபோது, மருந்து உங்கள் கையை விட்டுப் போன பிறகு நோயாளி வாய்வரைக்கும் கூடவே போய்ப் பாருங்கள். சல்ஃபா தோற்றதற்குக் கிருமி எவ்வளவு காரணம், அந்த டின் எவ்வளவு காரணம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசி சிலைடு பார்த்து இருவரும் சுத்தம் என்று உறுதியான நாளில், டாக்டர் துரைக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "பாக்கியம், நீ ரெண்டையும் பாத்தவ. எந்த மருந்து நல்லதுன்னு துரை கேக்குறார், என்னன்னு எழுதட்டும்?" என்று விளையாட்டாகக் கேட்டார். வீரையா பக்கத்தில்தான் நின்றான்.

பாக்கியம் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"மாத்திரையும் நல்ல மருந்தாத்தாங்க இருக்கும். ஆனா ஊசி ஒடம்புக்குள்ள போயிட்டா, அப்புறம் அத இவரால எங்கிட்டேருந்து பிடுங்க முடியாது."